ஹெட்போன் கட்டுரைக்குள் என் வீட்டுக்காரர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டில் பாட்டுக் கேட்க வயர் இல்லாத ஹெட்போன் வாங்கலாமா, அதன் நன்மை என்ன, குறை என்ன என்று எழுநூறு சொல்லில் ஒரு கட்டுரை கேட்டார்கள். வீட்டுச் சாமான்களைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கிற மெஷின் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. கட்டுரை இப்படித் தொடங்கியது:

"முதல் நன்மை, நீங்கள் சமையலறைக்குப் போனாலும் பாட்டு கூடவே வரும். கதவுக் கைப்பிடியில் வயர் மாட்டிக் கழுத்து பின்னால் இழுபடாது. இரண்டாவது, ஒருவர் கேட்கும் சத்தம் வீட்டில் இன்னொருவருக்கு இடைஞ்சல் ஆகாது. குறைகள்: சார்ஜ் போட மறந்தால் அது வெறும் காதுமூடி. படம் பார்த்தால் சிலசமயம் உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும். மேலும்—"

இந்த "மேலும்" என்ற இடத்தில் பேனா நின்றது. (பேனா என்பது சும்மா. நான் கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன். ஆனால் "கீபோர்டு நின்றது" என்று எழுதினால் யாருக்காவது உருக்கமாக இருக்குமா, சொல்லுங்கள்.)

2

கதை என்றால் ஆள் வேண்டும். முதலில் ஒரு வங்கி அதிகாரியை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டவர், வழுக்கை, பழைய பாட்டுப் பிரியர். நாலு வரிக்கு மேல் ஆள் நிற்கவில்லை. நான் ஒரு கதவைத் திறந்துவிட்டால் அவர் பாட்டுக்கு வெளியே போய்விடுவார் போல இருந்தது.

சரி, எதற்குச் சுற்றி வளைத்துக்கொண்டு? என் வீட்டுக்காரர்தான் அது.

அவர் அச்சகத்தில் மெஷின்மேன். இருபத்தாறு வருடமாக ஒரே மெஷினுக்குப் பக்கத்தில், அதுவும் ஒரே பக்கத்தில் நிற்கிறார். மெஷின் அவருக்கு இடது கைப் பக்கம். (இந்த விவரத்தை நான் இவ்வளவு நாளும் ஒரு விவரமாகவே நினைத்ததில்லை.) எழுதியதையெல்லாம் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். நான் சாப்பாட்டு மேசையில், அவர் சோபாவில். வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது பாரா மட்டும் கொஞ்சம் நீளமோ?"

எந்தக் கட்டுரைக்கும் இதேதான். நானும் ஐந்தாறு வருடமாக ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டாவது பாராவை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். ஆசிரியர் என்னை, "எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துடுறீங்க" என்று பாராட்டக்கூடச் செய்தார்.

3

ஹெட்போனை முதல் வாரம் அவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்பதற்கென்றே வைத்திருக்கும் என் பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திங்கட்கிழமை அதே போனில் பாட்டை வைத்து நான் எடுத்து மாட்டினேன். ஐயோ! சத்தம் மண்டையைப் பிளந்தது. அதுவும் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் மூச்சே இல்லை.

"பொருள் சரியில்லை" என்று கட்டுரையில் எழுதினேன். திருப்பி அனுப்பினேன். மாற்றி இன்னொன்று வந்தது. அவர் இரண்டு நாள் கேட்டார், பிறகு நான் மாட்டினேன். அதிலும் இடது பக்கம் ஊமை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போன் போட்டு, மறுமுனையில் பேசிய பெண்ணைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டேன்.

அந்தப் பெண் பொறுமைசாலி. "மேடம், ஹெட்போன்ல ஒண்ணும் இருக்காது. உங்க போன்ல செட்டிங்ஸ் உள்ள போங்க. இடது வலதுன்னு ஒரு கோடு இருக்கும். நடுவுல புள்ளி இருக்கா?"

புள்ளி நடுவில் இல்லை. வலது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது தானா நகராது மேடம். வீட்டுல வேற யாராவது மாத்தினாங்களா?"

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நாங்கள் இரண்டு பேர்தான்.

4

இந்த இடத்தில் கதாநாயகி சுவரில் சாய்ந்து சரிந்து கீழே உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது, போய் அணைத்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரவர, கோபம் போன இடம் தெரியவில்லை.

சோபாவில் அவருக்கு இடது ஓரம்தான் வேண்டும். விருந்தாளி உட்கார்ந்திருந்தால்கூட எழுப்பிவிடுவார். பிடிவாதம் என்று நினைத்தேன். அங்கே உட்கார்ந்தால் மற்ற எல்லாரும் அவருடைய வலது காதுப் பக்கம் இருப்பார்கள். என் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் இடது பக்கம். நான் என்ன சொன்னாலும் அவரிடம் மூன்றே பதில்: "ம்", "ஆகட்டும்", "பாத்துக்கலாம்". "உன் வீட்டுக்காரர் எதிர்ப்பேச்சே பேசமாட்டாராமே, குடுத்து வச்சவ நீ" என்று என் தங்கை பொருமுவாள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இப்போது யோசித்தால், இந்த ஐந்தாறு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் "என்ன சொன்னே, திரும்பச் சொல்லு" என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவைகூட!

காரணம் எனக்குத் தெரியும். என் மாமனாருக்குக் காது மந்தம். குடும்பமே அவரை "டமாரம்" என்றுதான் கூப்பிட்டது. அவர் "என்ன?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட வேண்டுமென்றே ஓசையில்லாமல் வாயசைத்துக் காட்டுவார்கள். கடைசி வருடங்களில் அவர் எதையுமே கேட்பதை விட்டுவிட்டார். பேச்சும் நின்றுபோனது. இதை இவர் எனக்குச் சொன்னது கல்யாணமான புதிதில். சொல்லிவிட்டு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவான ஸ்பீக்கரைப் பற்றிப் போன மாதம் எழுதியதில், "நல்ல பாட்டை இதில் போடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று ஒரு வரி வைத்திருந்தேன். அதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த வரி அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன். என் வாயில் மண்.)

5

ஆக, கதையின் கேள்வி இதுதான்: எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் காது டாக்டரிடம் வருவாரா, இல்லை அப்பாவைப் போல வாயை மூடிக்கொள்வாரா? வலது காதாவது மிஞ்ச வேண்டும். எனக்கு இந்த மனிதர் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் முடிவு: நேராகக் கேட்கிறேன். "ஏங்க, உங்களுக்கு இடது காது கேக்கலையா?" அவர், "யார் சொன்னா? எல்லாம் கேக்குது" என்று எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். (இது நிச்சயம் நடக்கும். வேண்டாம்.)

இரண்டாவது முடிவு: நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசையை வலது பக்கம் நகர்த்திப் போடுகிறேன், குரலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன். இருவரும் அன்பாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே... (அழகாக இருக்கிறது. ஆனால் காது போய்விடும்.)

மூன்றாவது முடிவு: அச்சகத்தில் ஒருநாள்—

இல்லை. அவருக்கு விபத்து வைத்து எழுத என் கை வரவில்லை.

6

அதனால் இப்படிச் செய்யப்போகிறேன். இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் போனில் என் குரலிலேயே பதிவு செய்யப்போகிறேன். அந்தப் புள்ளியை அவர் வைத்த இடத்திலேயே வைக்கப்போகிறேன். கட்டுரையில் விட்டுப்போன நன்மை இது: எனக்குத் தொண்டை கிழியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, அவருக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு சத்தத்தில் நான் பேசலாம்.

இனி இந்த வரிகள் அவருக்கு மட்டும். ஏங்க, எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரே ஒரு வருத்தம், நீங்கள் தனியாகக் கஷ்டப்பட்டது. ஒரு விஷயத்தை நூறு தடவை கேட்டாலும் நூறு தடவை சொல்வேன், அலுக்கவே அலுக்காது. இந்த வீட்டில் யாரும் யாரையும் டமாரம் என்று கூப்பிடப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வாருங்கள், போவோம்.

7

இந்தப் பகுதி பதிவில் இல்லை. அவர் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் இங்கே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன். இதுல கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் காட்டி, கையில் கொடுத்தபோது, "வாசிச்சே காட்டலாமே" என்றார். "தொண்டை கட்டியிருக்கு" என்று பொய் சொன்னேன்.

இப்போது ஒரு பெரிய குறை தெரிகிறது, கட்டுரையில் சேர்க்க வேண்டும்: எதிரில் இருப்பவர் இப்போது எந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. சற்றுமுன் சிரித்தார். வங்கி அதிகாரிக்கா, இரண்டாவது பாராவுக்கா? பிறகு சிரிப்பு நின்றது. இப்போது தரையைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். எழுந்து மாடிக்குப் போவாரோ? பதிவு பதினோரு நிமிடம். அவர் மாட்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லாரையும் போல, வீடே அதிரும் குரலில் கூப்பிடுகிறார்.

"ஏம்மா! இதைப் பின்னாடி கொண்டு போறதுக்கு எதை அமுக்கணும்?"

கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து காட்டுகிறேன். ஒரு தடவை அமுக்கினால் பத்து வினாடி பின்னால் போகும். அவர் அமுக்குகிறார், மறுபடி அமுக்குகிறார், அமுக்கிக்கொண்டே இருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்த என் கையை மட்டும் விடவில்லை.

"ஒரு இடம் சரியாக் கேக்கலை. திரும்பக் கேக்கணும்."

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வருவாரா என்றும் கேட்கவில்லை. அதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கையால் தட்டுவதால் தப்புத் தப்பாக வருகிறது, நான் இத்துடன் நிறுத்துகிறேன்.