பெட்டிக்குத் தைத்த உறை

எதிர்க்கடை மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்க்கும்போதெல்லாம் யோகலட்சுமிக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதமாக எரிகிறது.

திருத்தணி பத்திர ஆபீஸ் தெருவில் அவளுடைய டைப்பிங் கடை பதினோரு வருடமாக இருக்கிறது. எதிர்க்கடைக்காரி சுசித்ரா இவளிடம்தான் நான்கு வருடம் வேலை பார்த்தாள். வேலையை எல்லாம் கற்றுக்கொண்டு, ஒரு நாள், "அக்கா, நான் தனியா பார்க்கலாம்னு கீறேன்" என்றாள். ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கேயாவது போகிறாளாக்கும் என்று நினைத்து, புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தாள் யோகலட்சுமி. அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு வந்து, நேர் எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு மேஜை மட்டுமே கொள்ளும் இடத்தில் கடையைத் திறந்துவிட்டாள் சுசித்ரா.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் பொறுக்க முடியவில்லை. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மானிட்டருக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பட்டனைத் தொட்டால் போதும், வேலைக்குத் தயார். யோகலட்சுமியின் காலடியில் கிடந்த பழைய பெட்டியோ, அதைப் போட்டுவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் முனகிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் கடையில் இருக்கும் பேட்டரியும் அதை ரொம்ப நேரம் தாங்காது. போன மாதம் ஒரு கிரயப் பத்திரத்தின் பாதியில் அப்படித்தான் கண்ணை மூடியது. பத்திரம் எழுதும் கோதண்டபாணி ஃபைலை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி சுசித்ராவிடம் போய்விட்டார்.

கோதண்டபாணி கொடுக்கும் வேலையில்தான் யோகலட்சுமியின் கடை ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே தங்கிவிட்டால், இவள் ஷட்டரை இறக்கிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போய் மாமியாருக்கு எதிரே நூல் சுற்ற உட்கார வேண்டியதுதான்.

"தக்குனூண்டு பெட்டி. அதுல இன்னா கீதுன்னு எல்லாரும் அங்கயே போய் நின்னுகினு கீறாங்க?" என்று கணவன் சுதாகரிடம் பொருமினாள். அவன் அத்தை மகன், பவர்லூம் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு அவன் பாவாதான்.

"உனக்கும் வேணும்னா வேணும்னு சொல்லு. அந்தப் பொண்ண எதுக்குத் திட்டற?"

"அவளப் பார்த்து வாங்கினேன்னு சொல்ல மாட்டாங்களா, பாவா?"

"சொல்லுவாங்க."

கட்டிய பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மறுநாளே பஜாரில் இருந்த ஸ்ரீதரின் கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாள். ஸ்ரீதர் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது மெட்ராஸ்ல ஏதோ கம்பெனியில ஓட்டிட்டுக் கழிச்சது. சுத்தம் பண்ணி விக்கறாங்க. மூணுல இதான் விலை கம்மி, நல்லா உழைக்கும். ஆனா இடத்த அடைக்கும், கரண்ட்டத் தின்னும். கரண்ட் போச்சுன்னா உங்க கடை பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினாலே பெருசு. அடுத்தது பேர் தெரியாத கம்பெனிக்காரன் போட்டது. சின்னது, விலையும் பரவால்ல. அட்டைய பாருங்க, ஸ்பீடு, மெமரின்னு நம்பரெல்லாம் எவ்ளோ பெருசு பெருசா போட்டு கீறான்! ரிப்பேர்னு வந்தா மட்டும் யார்கிட்ட எடுத்துகினு போறதுன்னு எனக்கே தெரியாது."

"மூணாவது?"

"இதுல நம்பர் கம்மிதான். டைப் அடிக்க, பிரிண்ட் எடுக்க இதுவே ஜாஸ்தி. அதே பேட்டரில முக்கால் மணி நேரம் ஓடும். மூணு வருஷம் வாரண்டி. அந்த ரெண்ட விட அஞ்சாறு ஆயிரம் கூட வரும், அவ்ளோதான்."

கையிருப்பைப் பார்த்தால் முதல் பெட்டிதான். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிக்க அந்தப் பெரிய நம்பர்காரன்தான். யோகலட்சுமி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்து ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாள். கடைசியில் எதைக் கேட்க வந்தாளோ அதைக் கேட்டாள்.

"சுசித்ரா வாங்கினது எது?"

"இந்த மூணாவதுதாங்க."

அதோடு முடிந்தது. அவளுடையதைவிட மட்டமானதை வாங்கி அவள் கண்ணெதிரே வைத்துக்கொண்டு உட்காருவதா? கரண்ட்டாவது வாரண்டியாவது! சீட்டு எடுத்த பணத்தை அப்படியே நீட்டினாள்.

ஸ்ரீதர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "சின்னதுங்க இது, பக்கத்துல எப்பவும் காத்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். இத நான் வாங்கினது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது."

"ஆங், சரிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ரீதர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

கிருத்திகையன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலைக்குப் போய், சந்நிதியில் காட்டி எடுத்து வந்தாள். குருக்கள் கொடுத்த விபூதியில் ஒரு சிட்டிகையை நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைப் பெட்டிக்கு இட்டாள். வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து சுதாகர் கொண்டுவந்திருந்த கெட்டியான சிவப்புக் கட்டம் போட்ட லுங்கித் துணியை இரட்டையாக மடித்து, பெட்டிக்குக் கச்சிதமாக ஓர் உறை தைத்தாள். ஒயர்கள் வர மட்டும் வழி விட்டு, வாய்க்கு நாடா கோத்து இழுத்துக் கட்டினாள். அதன் மேல் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல்.

உறைக்கு இரண்டு காரணம். எதிர்க்கடைக்காரி பார்த்தால், தன்னைப் பார்த்து வாங்கியதாகச் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் கண் வைப்பாள். கண் வைத்தால் என்ன ஆகும் என்பது யோகலட்சுமிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோதண்டபாணியைத் தேடிப் போய், புது மெஷின் வந்திருப்பதைச் சொன்னாள். அவர் ஃபைலைப் புரட்டி எண்ணிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை முகூர்த்த நாளும்மா. ஆறு பத்திரம் கீது. ஆபீஸ் தொறக்கறது பத்து மணிக்கு, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள பார்ட்டிங்க கையெழுத்துப் போட்டாகணும். இந்தத் தடவயும் நின்னுச்சுன்னா, அப்புறம் என்ன கூப்டாத."

வெள்ளிக்கிழமை காலை எட்டுக்கே கடை நிறைந்துவிட்டது. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக ஆறு குடும்பங்கள். யோகலட்சுமி ஓரக்கண்ணால் எதிர்ப்பக்கம் பார்த்தாள். சுசித்ராவிடம் இரண்டே பேர். மலைமேல் இருக்கும் அந்த முருகனை நினைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். முதல் பத்திரம் கிடுகிடுவென்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் சொத்து விவரத்துக்கு வரும்போது பொசுக்கென்று திரை கறுத்தது.

கரண்ட் இருக்கிறது; மேலே ஃபேன் சுற்றுகிறது. உறைக்கு மேலேயே பட்டனை அழுத்தினாள், வந்தது. நான்கு வரி அடித்தாள், போனது. மறுபடி அழுத்தினாள். இந்த முறை இரண்டே வரி.

சாமி படத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, பட்டுப்புடவைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் வைத்து மிதித்தாள். உறையின் நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டினாள். பட்டனை அழுத்தினாள். இப்போது திரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ கண்ணுதான். அந்தப் பாவி கண்ணேதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கடிகாரத்தில் மணி எட்டே முக்கால். கோதண்டபாணி ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "சுசித்ராம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று குரல் கொடுத்தார். அந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது யோகலட்சுமிக்கு.

சுசித்ரா வந்தாள். ஃபைலைக் கையில் வாங்கவில்லை. மேஜையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பெட்டிக்கு ஸ்வெட்டரு?"

சொல்லிக்கொண்டே உறை மேல் கை வைத்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஐயோ! தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது!"

யோகலட்சுமி தடுப்பதற்குள் நாடாவை அவிழ்த்து உறையை உருவிப் போட்டாள். உள்ளேயிருந்து வெளியே வந்தது அதே பெட்டி, அதே கறுப்பு, மூலையில் அதே பெயர். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"அட, என்னுதேதான்!" என்றாள் சுசித்ரா. அதில் கேலியில்லை. கேலி இருந்திருந்தால் யோகலட்சுமிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இதுக்கு காத்து வேணும்க்கா. சூடு ஏறிச்சுன்னா தானா நின்னுக்கும். கெட்டுப் போவல, பயப்படாதீங்க."

காலண்டர் அட்டையை எடுத்து விசிறினாள். ஓட்டைகளில் அடைத்திருந்த விபூதியை வாயால் ஊதித் தள்ளினாள்.

"நேரம் போகுதும்மா, நீயே அடிச்சுக் குடுத்துடு" என்றார் கோதண்டபாணி.

"என்கிட்ட ரெண்டு கீதுங்க. அக்கா கை எவ்ளோ வேகம்னு எனக்குத் தெரியாதா? முடிச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு சுசித்ரா தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பெட்டி கண்ணைத் திறந்தது. அதன் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. பத்து மணி அடிக்கும்போது ஆறாவது பத்திரம் கோதண்டபாணியின் கையில் இருந்தது. "திங்கக்கிழமை நாலு வருது, வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்கு ஓடினார்.

கடை பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். யோகலட்சுமி சந்தோஷப்படத்தான் பார்த்தாள், முடியவில்லை. உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க்கடை மேஜையின் விளிம்பில், தெருவே பார்க்கும்படி, சுசித்ராவின் பெட்டி உட்கார்ந்திருந்தது. உறை இல்லை, கறுப்புக் கயிறு இல்லை, படிகாரம் இல்லை. மூன்று மாதமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை, இதே நாற்காலியில் இருந்து, மனசாரக் கண் வைத்தவள் இவள். அது ஒரு நாள்கூட நின்றதில்லை. நின்றதெல்லாம், இவளே ஆசை ஆசையாக உறை தைத்துப் போட்ட இவளுடைய பெட்டிதான்.