ஒரே துண்டு

ஊர் ஊராகப் போய்க் கடைகளில் புதுச் சோப்பைக் காட்டி ஆர்டர் பிடிப்பது மேடத்துக்கும் அவளுக்குக் கீழே இருந்த இவளுக்கும் வேலை. "ஆளுக்கு ஒரு குர்தா, ஒரு நைட்டி போதும். சுமை குறைஞ்சா மனசும் லேசாகும்" என்று மேடம்தான் சட்டம் போட்டாள். மேடத்துக்கு அது புது ஞானம். இவளுக்குப் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அன்று லாட்ஜுக்குள் நுழையும்போதே இவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தும் இருவரின் குர்தாவையும் இவளே துவைத்தாள். ஈரத்துணியை உலர்ந்த துண்டில் சுருட்டி ஏறி மிதித்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் அறையில் இருந்தது ஒரே துண்டு.

"முதல்ல என்னுது. நல்லா மிதிம்மா" என்று மேடம் கட்டிலில் சாய்ந்தாள். இவள் மிதித்தாள். துண்டு தொப்பலாகிவிட்டது.

காலையில் மேடத்தின் குர்தா மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. இவளுடையது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் குளித்துவிட்டு வந்தபோது, காய்ந்த குர்தா இவள் உடம்பில் இருந்தது.

"ஏய், அது என்னுதுடி!"

"மிதிச்சது நான் மேடம். கொடியில ஒண்ணு தொங்குது பாருங்க, அதைப் போட்டுக்குங்க. மனசு லேசாகும்."

அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லாமல், சோப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இவள் படியிறங்கினாள்.