அவளே போட்ட ஓட்டு

அதே கட்சிதான், அதே பழைய கட்சியேதான், இதற்கா ஒரு மாதமாக இத்தனை பாடு... வாக்குச்சாவடிப் படியில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் கணவருக்குப் பின்னால் வந்து, அவர் வீட்டிலேயே சொல்லிவிடும் சின்னத்தில் குத்திவிட்டுத் திரும்பியவள், இந்தத் தடவை, நீங்க முன்னாடி போங்க, துணி காயப்போட்டுட்டு வரேன் என்று பொய் சொல்லித் தனியாக வந்தாள். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரங்களில் இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தாள், மனசு மாறப்போகிறது, மாறப்போகிறது என்று திருடப் போகிறவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது, அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றால் கை பழைய சின்னத்துக்கே போகிறது! பழக்கமா? இல்லை, நன்றாக யோசித்துத்தான் குத்தினாள். கடையில் கண் பரிசோதிக்கும்போது இது தெளிவா, இது தெளிவா என்று வில்லையை மாற்றிப் போட்டுக் கேட்பாள், பாதிப் பேர் எழுத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள், நீங்களே சொல்லுங்க மேடம் என்பார்கள். அவளும் இத்தனை வருஷம் முகத்தைப் பார்த்துச் சொன்னவள்தானே... இன்று எழுத்தைப் பார்த்தாள். எழுத்து அதேதான், ஆனால் பார்த்தது அவள், அது போதாதா?

நாலு தெருதான் வீடு, வெயில்கூட இதமாக இருந்தது, கால் தானாகத் துள்ளியது, இந்த வயதில் என்ன துள்ளல். புதிய கட்சியின் அறிக்கையில் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்பதற்குக்கூட ஆலோசனைக் குழு இருந்தது, அதைப் படித்த அன்றே பென்சில் முனை ஒடிந்துவிட்டது. ரோட்டைப் போடு, விளக்கை எரியவிடு, பிள்ளையை நான் வளர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதானே அவள் கேட்பது? பழைய சட்டங்களை ஒரே வீச்சில் தூக்கிவிடுவார்களாம். கடையைப் புதுப்பித்தபோது கொத்தனார் இப்படித்தான், இந்தச் சுவர் சும்மா நிக்குதுங்க என்று இடித்தார், மறுநாள் கூரையில் கோணலாக ஒரு விரிசல். எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் கை வைக்கலாமா? தேசம் என்பது யாரோ வரைபடத்தில் இழுத்த கோடு என்கிறாள் மகள், கல்லூரியில் படிக்கிறவள், அழகாகத்தான் பேசுகிறாள். ஆனால் கண் பரிசோதனைப் பயிற்சிக்கென்று இரண்டு வாரம் வெளிநாடு போய்த் திரும்பிய அன்று, விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்க்கிற சிடுமூஞ்சி நம் மொழியில், கோட்டுக்குப் பின்னாடி நில்லும்மா என்று அதட்டினானே, அந்த அதட்டலே தேனாய் இனித்து அங்கேயே கண் கலங்கியதே, அது எந்தக் கோட்டில் சேர்த்தி? இதையெல்லாம் கணவர் சொன்னால் வேறு மாதிரி இருக்கும், பிடிக்காதவன் நாட்டை விட்டுப் போகட்டும் என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார், தன் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பதே உறைக்காது. அவள் யாரையும் போகச் சொல்லவில்லை. யாரும் போகக் கூடாது என்றுதான் கூரையைத் தாங்கும் சுவர் வேண்டும் என்கிறாள்... அட, இது நன்றாக இருக்கிறதே, யாரிடமாவது சொல்ல வேண்டும், யாரிடம்?

செருப்பைக் கழற்றுவதற்குள் கணவரும் மகளும் சாப்பாட்டு மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். நம்ம சின்னத்துலதானே குத்தின என்றார் அவர், கேள்வியாகக்கூட இல்லை. மகள் பாய்ந்தாள்: "அரசாங்கம் வீட்டுக்குள்ள மூக்க நுழைக்கக் கூடாதுன்னு தினமும் கத்துறீங்க, நீங்க மட்டும் அட்டைக்குப் பின்னாடி எட்டிப் பாக்கலாமாப்பா?" சொன்ன கையோடு அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் காதுல சொல்லும்மா என்றாள். சொல்லலாம். சொன்னால் அவர், என் பேச்ச என்னிக்கு மீறியிருக்கா என்று நெஞ்சை நிமிர்த்துவார், இவள், அப்பா காட்டின இடத்துல குத்திட்டு வந்துட்டியா என்று முகம் வாடுவாள், ஒரு மாதம் கோடு போட்டுப் படித்தது எந்தக் கணக்கிலும் வராது, நானே யோசித்தேன் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். வாயைத் திறந்த நிமிஷம் அது அவருடைய ஓட்டாகிவிடும். பொய் சொல்லிவிட்டால்? மகள் தலைகால் தெரியாமல் குதிப்பாள், ஆனால் அப்போதும் அது மகளுடையதாகிவிடும்... தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். இந்தச் சிரிப்பு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது?

பாருங்கப்பா, அம்மா சிரிக்கிறாங்க என்றாள் மகள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அப்பாவும் மகளும் ஒரே கட்சியில் இருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்பருகே வந்தார், குரல் தணிந்திருந்தது. "சரி, இப்படிப் பண்ணலாம். நான் யாருக்குப் போட்டேன்னு முதல்ல நான் சொல்றேன். அப்புறம் நீ சொல்லு."

சொல்கிறாரா? சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதானே... தெரிந்ததுதானா? இருபத்திரண்டு வருஷமாக அவரும் தனியாகத்தானே அந்த அட்டைக்குப் பின்னால் போய் வந்திருக்கிறார், அங்கே அவர் கை எங்கே போனது என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தோமா? அவர் முகத்தைப் பார்த்தாள். முதல் முறை கடைக்கு வருகிறவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் பார்வையைக் கோப்பைக்குத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாங்க," என்றாள், தேநீரை ஊற்றிக்கொண்டே. "நீங்களும் சொல்ல வேண்டாம்."