அளவுக்கு ஒரு ஆள்

கண்ணாடிக்காரருக்கு மலையேற்றத்தில் பிடித்தது ஏரி மட்டும்தான். மலை என்பது ஏரிக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் ஒரு தொந்தரவு. அதைப் பொறுத்துக்கொள்வதற்காகத்தான் முழங்காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டு ஞாயிறுதோறும் கிளம்புவார். வாரம் முழுக்கக் கடையில் ஊரார் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, 'இது தெளிவா, இது தெளிவா' என்று கேட்டே தொண்டை வறண்ட மனிதர். ஒரு நாளாவது தன் கண்ணால் எதையாவது பார்க்க வேண்டாமா? பார்ப்பாரா என்றால் அதுவும் கிடையாது. கேமராதான் பார்க்கும். இவர் அதற்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

ஏரியைப் படமெடுப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. எவ்வளவு பெரிய ஏரியாக இருந்தாலும் படத்தில் அதன் அளவு தெரியாது. மூச்சு வாங்கி ஏறிப்போய்ப் பார்த்த ஏரியும், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மழைக்குத் தேங்கிய குட்டையும் சட்டத்துக்குள் அக்கா தங்கச்சி மாதிரிதான் இருக்கும். ஆகவே கரையோரம் ஒரு ஆள் நிற்க வேண்டும். தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணில் படுகிற நிறத்தில். அப்போதுதான் பார்க்கிறவர்கள், 'அடேயப்பா, எவ்வளவு பெரிய ஏரி' என்பார்கள்.

அந்த ஆள், அவர் மனைவி.

அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டு வாசல் தாண்டினால் ஊருக்கே டீச்சர். ஆறு நாளும் அடுத்தவர்களை இடது வலது என்று திருப்புகிறவர், ஏழாம் நாள் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கணவரின் கையசைவுக்கு இடதும் வலதுமாக நகர்வார். இப்படியே பல வருடம் ஓடிவிட்டது. மலையேற்றச் சங்கத்தில் கண்ணாடிக்காரரின் படங்களுக்குத் தனி மரியாதை. 'சிவப்புக் கோட்டுப் படம்' என்றாலே அவர் படம்தான்.

வம்பு டிரைவிங் ஸ்கூல் முதலாளி மூலமாக வந்தது. ஸ்கூலுக்குப் புதுப் போர்டு வைக்கப்போவதாகவும், அதில் டீச்சரின் சிரித்த முகம் பெரிதாக வர வேண்டும் என்றும், நல்ல படமாக ஒன்று கொண்டு வரும்படியும் அவர் சொன்னார். டீச்சர் கொஞ்சம் கர்வமாகவே, என் வீட்டுக்காரர் கேமராவும் கையுமாக அலைகிறவர், படத்துக்கா பஞ்சம் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் கணவரின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவர், காபி ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.

கடையடைத்துவிட்டு வந்த கண்ணாடிக்காரர், திரையில் தன் ஏரிகள் வரிசையாக ஓடுவதைக் கண்டு பூரித்துப்போனார். கடைசியில் மனைவிக்கும் ரசனை வந்துவிட்டது என்று நினைத்தார்.

"ஏங்க, இதுல என் மூஞ்சி எங்க?" என்றார் டீச்சர்.

"எல்லாப் படத்துலயும் நீதானேம்மா இருக்க."

"என் கோட்டு இருக்கு. முதுகு இருக்கு. மூஞ்சி இருக்கிற படம் ஒண்ணு காட்டுங்க."

அவர் தேடினார். ஏரி, ஏரி, மூடுபனியில் ஏரி, ஒற்றையடிப் பாதை, மறுபடி ஏரி. எல்லாவற்றிலும் கடுகளவு சிவப்பு. முகம் தெரிந்தால் பார்க்கிறவர்களின் கண் ஏரியை விட்டு முகத்துக்குப் போய்விடும், அது படக்கலையின் விதி என்று விளக்கினார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சரி," என்றார் டீச்சர். "இனிமே கண்ணு ஏரியிலயே இருக்கட்டும். நான் வரல."

சண்டை போட்டிருந்தால் கண்ணாடிக்காரர் சமாளித்திருப்பார். இது சண்டை இல்லை. ஞாயிறன்று டீச்சர் தூங்கினார். கதவருகே ஆணியில் கோட்டு தொங்கியது. தனியாகக் கிளம்பிய கண்ணாடிக்காரர் வழியில் பாதி தூரம்வரை தன்னையறியாமல் பின்னால் திரும்பி, 'மெதுவா வா, கல்லு வழுக்கும்' என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்பதற்குக் காற்றுதான் இருந்தது. எடுத்து வந்த ஏரி குட்டை மாதிரி இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்தா அதிர்ஷ்டம் கதவைத் தட்ட வேண்டும்? சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் நூலக மண்டபத்தின் நடுச்சுவர் இந்த முறை அவருக்கு என்று முடிவானது. நடுச்சுவர் என்றால் ஒரே படம், ஆள் உயரத்துக்கு. இத்தனை வருடமாக அவர் படங்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

டீச்சரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கிளம்பும்போது ஆணியிலிருந்த கோட்டைச் சத்தமில்லாமல் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஏரிக்கரையில் ஊன்றுகோலை நட்டு, சுற்றிலும் கல் அடுக்கி, குறுக்கே ஒரு காய்ந்த கிளையைக் கட்டி, கோட்டை மாட்டி, தலைமூடிக்குள் தன் துண்டைச் சுருட்டி வைத்தார். திரும்பி வந்து கேமரா வழியாகப் பார்த்தபோது அசந்துபோனார். அச்சு அசல் டீச்சர். இன்னும் சொல்லப்போனால் டீச்சரைவிட உத்தமம். நகரச் சொன்னால் முறைக்காது, கால் வலிக்கிறது என்று உட்காராது.

படத்தை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். தலைவர் ஒரு பல் டாக்டர். எந்தப் படத்தையும் சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்துதான் பார்ப்பார். இதையும் அப்படிப் பார்த்தார்.

"ஏரி பிரமாதம் சார்," என்றார். "ஆனா அவங்க எங்க?"

கண்ணாடிக்காரர் சிவப்புப் புள்ளியைக் காட்டினார்.

"இது அவங்க இல்லையே. அவங்க இடது கால்ல சாஞ்சு நிப்பாங்க. ஒரு கை எப்பவும் இடுப்புல இருக்கும். இது ஏதோ குச்சிய நட்டு வெச்ச மாதிரி இருக்கு."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். மூடுபனிப் படத்தில் கொண்டை அவிழ்ந்திருந்ததைத் தையல்கடைக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்தப் படம்தான் தனக்குப் பிடிக்கும் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னார். டீச்சருக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே என்று ஒருவர் தனியாக அழைத்து விசாரித்தார். இத்தனை வருடமாக இவர் ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கால் என்பது இவருக்குத் தெரியாது. ஊருக்கே கண் சரிபார்க்கிற மனிதர்.

நடுச்சுவர் இன்னும் உங்களுக்குத்தான், ஆனால் குச்சி வேண்டாம், அடுத்த கூட்டத்துக்குள் வேறு படம் கொடுங்கள் என்று பல் டாக்டர் சொன்னார்.

மறுநாள் கடையில் பழைய படங்களை எல்லாம் திறந்தார், பெரிதாக்கிப் பார்ப்பதற்காக. இடது கால்தான். இடுப்பில் கைதான். தேடிக்கொண்டே போனவர், கழித்துப்போட்ட படங்கள் கிடக்கும் இடத்துக்கு வந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேண்டாதவை'. கை நடுங்கியது, கண் இமைத்தது, வெளிச்சம் போதவில்லை என்று ஒதுக்கியவை. திறந்ததும் கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஒவ்வோர் ஏரியிலும் டீச்சர் முதலில் திரும்பிப் பார்த்திருக்கிறார். கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு கையையும் விரித்து, 'இங்கயா?' என்று கேட்டிருக்கிறார். கேமரா சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இவர் அப்போது ஒன்று தட்டியிருப்பார். பிறகு, 'திரும்பு, திரும்பு' என்று கையைச் சுழற்றியிருப்பார். மழையில் 'இங்கயா'. பனியில் 'இங்கயா'. மூக்குச் சிவந்து ஒன்று, சிரித்துக்கொண்டு ஒன்று, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒன்று. எல்லா வருடமும், எல்லா ஏரியும், எல்லா முகமும் வேண்டாதவையில் இருந்தன.

உள்ளே இருட்டறையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்து முடித்துவிட்டு, "சார், மனப்பாடமே ஆயிடுச்சு, போகலாமா?" என்று குரல் கொடுத்தார்.

அன்று கடையைச் சீக்கிரம் மூடினார். வீட்டுக்குப் போய்க் கணினியை மனைவி பக்கம் திருப்பி வைத்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றார்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சுலபமான பொய்கள் நாலைந்து வாய்க்கு வந்தன. ஆனால் திரையின் மேல் ஓரத்தில் பெயர் பட்டவர்த்தனமாக இருந்தது.

"வேண்டாதவைல."

டீச்சர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது டீச்சரின் முகம் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்காரர் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"அழிக்காம வெச்சிருக்கீங்களே," என்றார் டீச்சர் கடைசியில்.

"அழிக்க மனசு வரல. ஏன்னு தெரியல."

"உங்களுக்கு என்னதான் தெரியும்." ஆனால் குரலில் பிரேக் இல்லை. சிரித்த படம் ஒன்றைத் தொட்டு, "இது போர்டுக்கு. நடுச்சுவரும் குச்சியும் என் காதுக்கும் வந்துச்சு. சுவருக்கு உள்ளத நான் எடுக்கிறேன். கோட்ட நீங்க மாட்டிக்கங்க."

ஞாயிறன்று கண்ணாடிக்காரர் தோளில் பிடிக்கிற சிவப்புக் கோட்டில், கைமணிக்கட்டு வெளியே தெரிய, வழுக்குப் பாறைகளில் தட்டுத்தடுமாறிக் கரைக்குப் போனார். இவ்வளவு தூரமா? அவளை இவ்வளவு தூரமா போகச் சொன்னோம்? காற்று காதைக் கிழித்தது. திரும்பிப் பார்த்தார். மேட்டில் மனைவி எறும்பாகத் தெரிந்தார். தன்னையறியாமல் இரண்டு கையையும் விரித்து, "இங்கயா?" என்று கத்தினார்.

"கிளட்ச்ச விட்டு மெதுவா. இன்னும் பின்னாடி. இன்னும். நில்லுங்க, தண்ணி." டீச்சரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "இப்ப திரும்புங்க."

அவர் திரும்பினார். ஏரியைப் பார்த்தார். கேமரா இல்லாமல் அதைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. உண்மையிலேயே பெரிய ஏரிதான்.

போர்டில் டீச்சரின் முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது; அவ்வளவு தூரத்து முகத்தை இழுத்துப் பெரிதாக்கினால் வேறெப்படி வரும்? முதலாளி குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நடுச்சுவரில் ஏரி ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அதன் கீழே 'படம்: டீச்சர்' என்று எழுத வேண்டும் என்பதில் கண்ணாடிக்காரர் பிடிவாதமாக இருந்தார், அச்சடித்தவர் மறந்துவிட்டதால் பேனாவால் தானே எழுதினார்.

திறப்பு நாளன்று பல் டாக்டர் வந்தார். சாய்ந்து சாய்ந்து பார்த்தார். ஏரியை மெச்சினார், வெளிச்சத்தை மெச்சினார். பிறகு சிவப்புப் புள்ளிக்கு மிக அருகில் போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன சார் இது," என்றார் வருத்தமாக. "அவ்வளவு சொல்லியும் மறுபடி குச்சியையே நட்டு வெச்சிருக்கீங்களே."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் இடது காலில் சாய்ந்து, இடுப்பில் கை வைத்து நின்ற டீச்சர் முந்திக்கொண்டார்.

"இல்ல டாக்டர்," என்றார். "இது வேற குச்சி."