தாரை வார்க்கும் கை

"தாரை வார்க்க உங்க சித்தப்பன் சமுத்திரம் நிக்கட்டும்த்தா. அவன்கிட்ட பேசிட்டேன்."

"அப்ப நீங்க எங்க போறீக?"

"நான் எங்க போகப் போறேன்? வீட்டுல கெடப்பேன். மண்டபத்துலேருந்து சாப்பாடு குடுத்து விடுங்க, போதும்."

"விளையாடுதீகளாப்பா?"

"பீச்சாங்கையால பிள்ளையப் பிடிச்சுக் குடுத்தான்னு ஊரு பேசவா? விட்டுருத்தா."

ஆவணியில் கல்யாண நாள் குறித்த அன்று சுயம்புலிங்கமும் மகள் யோகேஸ்வரியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இப்போது கார்த்திகை மழை ராஜபாளையத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் பெய்கிறது. தை பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டியவர், ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவருக்கு வாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் காலைக் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தார்கள். வலது கை திரும்பவில்லை. மடியில் எடுத்து வைத்தால் மடியிலேயே கிடந்தது. அன்றிலிருந்து பாண்டிசெல்விதான் கணவருக்குச் சோறு ஊட்டுகிறாள். இடது கையால் சாப்பிடப் பழகச் சொன்ன டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டில் தட்டைத் தொட மறுத்துவிட்டார். கால் கழுவுகிற கையால் சோற்றைத் தொடுவதா? யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால், அவர்கள் கிளம்பும்வரை பட்டினி கிடப்பார்.

யோகேஸ்வரிக்குப் பிறவியிலேயே வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. சின்ன வயதில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போவார். மலையேறிப் பெருமாள் முன்னால் நிற்கும்போது, தீர்த்தம் வாங்கப் பிள்ளை இடது கையை நீட்டுமுன் தன் வலது கையை முந்தி நீட்டி, வாங்கி அவள் வாயில் விடுவார். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தால் அவர் போய் நிற்பார். பையைத் தூக்குவார், ஜடை பின்னுவார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் பெருமாள் சன்னதியில், "தள்ளுங்கப்பா" என்று அவரை ஒதுக்கிவிட்டுத் தானே கையை நீட்டினாள். உள்ளங்கையில் தீர்த்தம் விழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு அவள் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொண்டாள். சேலை கட்டினாள், வண்டி ஓட்டினாள், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனாள். இதையெல்லாம் எப்படிச் செய்கிறாள் என்று அவர் நின்று பார்த்ததே இல்லை. பார்க்கத் தாங்காது என்று நகர்ந்துவிடுவார். வாதம் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்கத் தோன்றியது. பேஸ்ட்டை எப்படிப் பிதுக்குகிறாய்? சட்டைப் பித்தானை எப்படிப் போடுகிறாய்? வாய்வரை வரும். காலமெல்லாம் அவளுக்குச் செய்தவர் அவளிடம் போய்க் கேட்பதா என்று உள்ளேயே போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கௌதம்ராஜ் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை. மூன்றரை அடி உயரம். பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, மழைக்கோட்டைக் கழற்றி உதறினான்.

"என்ன மாமா, மழையில நனைஞ்சு இன்னும் சுருங்கிட்டேனா?"

பாண்டிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. நாற்காலியில் தாவி ஏறி உட்கார்ந்தவன், அவருடைய போனை வாங்கி, இடது கைக்கு எட்டுகிற மாதிரி தட்டுகிற எழுத்துகளை இடது ஓரத்துக்கு மாற்றிக் கொடுத்தான்.

பாண்டிசெல்வி கௌதம்ராஜுக்கும் யோகேஸ்வரிக்கும் இலை போட்டாள். "மாமாவுக்கு?" என்றான்.

"எனக்குப் பசிக்கல. நீங்க சாப்பிடுங்க" என்றார். காலையில் குடித்த காபியோடு இருந்த வயிறு இரைந்தது.

"பசிக்காம என்ன? நான் இருக்கேன்னு கூச்சம்" என்றான். "மாமா, நேராவே கேக்கேன். கல்யாணத்துக்கு வர மாட்டேன்னுட்டீகளாமே?"

பாண்டிசெல்வி கரண்டியோடு நின்றுவிட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"வாறவன் என்ன சொல்லுவான் மாப்பிள்ளை? பொண்ணு ஒரு தினுசு, மாப்பிள்ளை ஒரு தினுசு. பத்தாததுக்கு அப்பனும் கைய இழுத்துக்கிட்டு மேடையில ஏறுதான், சர்க்கஸ் மாதிரி இருக்குன்னு சொல்ல மாட்டானா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. ஓட்டிலிருந்து தகர வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கௌதம்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "சொல்லுவான் மாமா. கண்டிப்பாச் சொல்லுவான். நான் பஸ்ஸுல ஏறுனாலே செத்த நேரம் அம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாப்பாக. பாக்கட்டும். பாத்துட்டு, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். அதுக்காக நான் மாப்பிள்ளையா நிக்காம இருக்க முடியுமா?"

"உங்களுக்குப் பொறந்ததுலேருந்து பழக்கம்."

"யாரு சொன்னா?" என்றான். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "இன்னைக்கு வரைக்கும் பழகல. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு நாளும் வயித்தக் கலக்கும். கலக்கிக்கிட்டேதான் கிளம்புதேன்."

சுயம்புலிங்கம் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தச் சின்ன உடம்பையும், நாற்காலியில் தரைக்கு எட்டாமல் தொங்கிய கால்களையும் இத்தனை நாள் பார்த்திருக்கிறார். அவனுக்கும் வயிறு கலங்கும் என்று நினைத்ததில்லை.

"தண்ணிய அத்தை ஊத்துவாக. நீங்க யோகா கையப் பிடிச்சு என் கையில வைக்கணும், அம்புட்டுதான். ஒரு கை போதும் மாமா."

"அது பீச்சாங்கைல்லா. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு."

அதுவரை தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த யோகேஸ்வரி நிமிர்ந்தாள். அவள் கையில் குழம்புச் சோறு இருந்தது.

"அப்பா, நான் விவரம் தெரிஞ்ச நாளா இந்தக் கையாலதான் திங்கேன். இதாலதான் உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கேன். உங்களுக்கு அசிங்கமாவா இருக்கு?"

"ஏட்டி, நான் உன்னையச் சொல்லல."

"கல்யாணத்தன்னைக்கு அவிய கையில நீங்க வைக்கப் போறது எந்தக் கை? எங்கிட்ட வேற இருக்கா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றுகிற வேலையாவது அவருக்குக் கிடைத்திருக்கும். மறுபடியும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கௌதம்ராஜ் தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவள் அதை நொறுக்கவில்லை.

சுயம்புலிங்கம் முதல் தடவையாக மகள் சாப்பிடுவதைப் பார்த்தார். நான்கு விரலும் சோற்றை ஓரமாக ஒதுக்கின. கட்டைவிரல் மெல்ல அழுத்தியது. சிந்தாமல், அவசரமில்லாமல் கை வாய்க்குப் போனது. இலை ஓரம் சுத்தமாக இருந்தது. இதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவரில்லை. அவர் நகர்ந்து போய்விட்ட நாட்களில் அவளாகவே எத்தனை தடவை சிந்தியிருப்பாள்?

"செல்வி, எனக்கும் ஒரு தட்டு வை."

பாண்டிசெல்வி தட்டில் சோறு போட்டு, பழக்கத்தில் பிசையக் குனிந்தாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கை சோற்றின் மேல் போய் நின்றது. விரல்கள் விறைப்பாக இருந்தன. அள்ளியதில் பாதி மடியில் விழுந்தது. மிச்சம் மீசையில் ஒட்டியது. கௌதம்ராஜ் பார்க்கிறான் என்பது தெரிந்தது. வயிறு கலங்கியது. துடைக்க வந்த மனைவியை வேண்டாமென்று தலையசைத்துத் தடுத்தார். மறுபடியும் அள்ளினார், மறுபடியும் சிந்தியது.

யோகேஸ்வரி எழுந்து உதவிக்கு வரவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"கல்யாணத்துக்குள்ள இந்தக் கையப் பழக்கி விடுத்தா."