அகிலாவின் அரிவாள் உறை

விடியும்போதே அருள்முருகனுக்குக் கை பரபரத்தது. நேற்று நனைத்து, அரிவாளின் மேல் அழுத்திக் கட்டி வைத்திருந்த தோல் காய்ந்து, அதே வளைவோடு நின்றது. தச்சனுக்குத் தோல் வேலை எதற்கு என்று கேட்ட செருப்புக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

ஒன்பது மணிக்கு அவன் மனைவி அகிலா சாக்கோட்டையில் ராமநாதனின் தோப்பில் தென்னை ஏற வேண்டும். மிஷின் வைத்து மரம் ஏறும் பயிற்சியை முடித்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் தோப்பு. "வெறும் அருவாளை இடுப்புல செருகிக்கிட்டு யாரும் என் மரத்துல ஏறக் கூடாது" என்று ராமநாதன் கறாராகச் சொல்லியிருந்தார். உறை இல்லையென்றால் தோப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

குத்தூசியால் வரிசையாகத் துளை போட்டான். மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துத் தைத்தான். பின்புறம் பெல்ட் நுழைய ஒரு வார் வைத்தான். ஏழரைக்கெல்லாம் வேலை முடிந்தது. தானே இடுப்பில் மாட்டி, உருவிச் செருகி, கூடத்தில் நாலு நடை நடந்து பார்த்தான். ராஜா கெட்டான் போங்கள்!

"அகிலா! இங்குட்டு வா!"

வந்தவள் அதை இடது இடுப்பில் மாட்டினாள். வளைவு முன்னால் துருத்திக்கொண்டு தொடையில் இடித்தது.

"வலப்பக்கம் மாட்டு புள்ள."

"எனக்கு இடக்கையில வெட்டித்தான பழக்கம்? பத்து வருசமா காய் நறுக்குறேன், பாக்கலீகளா?"

"சோத்தை வலது கையிலதான திங்குற?"

"அது எங்கம்மா அடிச்சுப் பழக்குனது. அருவாளுக்கு யாரு அடிச்சா?"

அவன் முகம் சுண்டிப்போனது. பத்து வருஷம் அவள் கைச்சோறு தின்றவன், அது எந்தக் கை என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. வாரின் தையலை அறுத்து, உறையைத் திருப்பி, மறுபுறம் துளை போட்டான். அவசரத்தில் ஊசி இரண்டு முறை விரலைப் பதம் பார்த்தது. அகிலா மிஷினை வண்டியில் கட்டி முடிக்கவும் அவன் கடைசி முடிச்சைப் போடவும் சரியாக இருந்தது.

தோப்பில் ராமநாதன் உறையை வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தார். அரிவாள் அசையவில்லை.

"ஏறச் சொல்லு" என்றார்.

அகிலா மிதித்து மிதித்து ஏறினாள். உச்சியில் அவள் இடது கை இடுப்புக்குப் போனது. ஒரே இழுப்பில் அரிவாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முதல் குலை தொப்பென்று விழ, அருள்முருகன் சந்தோஷம் தாங்காமல் விசிலடித்தான்.

"என்னப்பா, உன் வீட்டுக்காரிக்கு இடதுகைப் பழக்கமா?" என்றார் ராமநாதன்.

"ஆமாங்கய்யா, பொறந்ததுலருந்தே!" என்றான், தொட்டிலிலிருந்தே கூட இருந்து பார்த்தவனைப் போல.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த தேங்காய் அவனுக்கு இரண்டு முழம் தள்ளி வந்து விழுந்தது. குறி தப்பி விழுந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.