அவளும் அவள் வீட்டாரும்

"அது எங்கம்மா எனக்குச் சீரா கொடுத்த நாற்காலி. அதுல நானே இன்னும்—"

"நான் கேட்டேனா அண்ணி? சபை மூப்பர்தான் உட்காரச் சொன்னார். கால் மடங்க மாட்டேங்குதுன்னு—"

"மடங்கலைன்னா பாயில நீட்டிக்க வேண்டியதுதானே."

ரொகாத்தா பிரம்பு நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் உட்கார்ந்திருந்த நாத்தனார் பாரிக்கா, எழுந்துகொள்ளலாமா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் இருந்தாள்.

ரோமர் ஆண்ட கார்த்தேஜில் அந்தத் தெருக் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு வருஷமாக ரொகாத்தாவின் வீட்டில்தான் கர்த்தரின் நாளான ஞாயிறுதோறும் கூடினார்கள். மாவு பிசைந்தது அவள். திராட்சை ரசம் எடுத்து வைத்தது அவள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று கண்ணாலேயே காட்டியதும் அவள். போன வருஷம் பேரரசரின் ஆணை வந்தது: எல்லோரும் மலைக் கோயிலுக்குப் போய்த் தேவர்களுக்குத் தூபம் போட்டு, போட்டதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ரொகாத்தாவும் கணவன் நம்பாமோவும் போனார்கள், போட்டார்கள். பாரிக்கா போகவில்லை. எட்டு மாதம் சிறையில் கால்களைக் கட்டையில் மாட்டி வைத்தார்கள். போன மாதம் நொண்டிக்கொண்டு திரும்பினாள்.

இப்போது அவள் 'சாட்சி', விசுவாசத்தை விடாமல் சிறையிருந்தவள். வருகிறவர்கள் எல்லாம் முதலில் குனிந்து அவள் கணுக்கால் தழும்பை முத்தமிட்டார்கள். ரொகாத்தா ஒருநாள் தன் உடம்பில் தேடிப் பார்த்தாள். முழங்கையில் அகப்பை சுட்ட தழும்பு ஒன்றுதான் இருந்தது.

தூபம் போட்டவர்கள் தலையை விரித்துப் போட்டுச் சாம்பல் பூசி வாசலில் நிற்க வேண்டும் என்பது அந்தப் பாவத்துக்குச் சபை வைத்த முறை. அப்படித்தான் ரொகாத்தா, கூட்டம் நடக்கும் நேரமெல்லாம், தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். வாங்க வாங்க என்று சொல்லிப் பழகிய வாய், எனக்காக வேண்டிக்கோங்க என்று முணுமுணுத்தது. நம்பாமோவுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. சாம்பலோடு நின்றபடியே போகிறவர் வருகிறவரிடம் ஒலிவ எண்ணெய் இந்த வருஷம் கசக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பான். அவளுக்குத்தான், தான் பிசைந்த அப்பத்தை உள்ளே பிட்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

உள்ளே வர ஒரு வழி இருந்தது. சிறையிருந்த சாட்சி ஒருவர் சமாதானக் கடிதம் கொடுத்தால் மூப்பர் சேர்த்துக்கொள்வார். பாரிக்கா இதுவரை பதினோரு பேருக்குக் கொடுத்துவிட்டாள். நாளை மறுநாள் பாஸ்கா, கர்த்தர் உயிர்த்தெழுந்த திருநாள். வாய் திறந்து கேட்டால் போதும். அந்த ஒரு சொல்தான் ரொகாத்தாவின் தொண்டையைத் தாண்டவில்லை.

"மீன்காரி குத்தேனாவுக்குக் கொடுத்தியே," என்றாள் இப்போது.

"அவ கேட்டா."

"உன் புருஷன் செத்த நாள்லேருந்து என் அடுப்புலதான் சாப்பிட்டே. நான் உன்கிட்ட கேக்கணுமா? சிறைக்கு நாள் தவறாம ரொட்டி அனுப்பினது யாரு?"

"நீங்கதான். உப்புதான் ஒரு கை கூடுதல்."

ரொகாத்தாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். பாரிக்கா மார்புத் துணிக்குள் கையை விட்டு, மடித்து மடித்து அழுக்கேறிப்போன ஒரு தாளை எடுத்து நீட்டினாள். சிறையில் எழுதச் சொன்ன முதல் கடிதமே இதுதான் என்றாள். இவ்வளவு நாளும் கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று பார்த்திருந்தாளாம்.

பாரிக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ரொகாத்தாவுக்குத் தெரியும். வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தாள்.

'ரொகாத்தாவையும் அவள் வீட்டாரையும் சமாதானத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.'

அவள் வீட்டார். அந்தச் சொல்லில் கண் நின்றுவிட்டது.

மலைக் கோயில் எழுத்தரும் அதையேதான் கேட்டார்: வீட்டார் யார் யார்? சீட்டில் பேர் ஏறிவிட்டால் நேரில் வராதவர்களும் தூபம் போட்டதாகவே கணக்கு. நம்பாமோ தூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கியதால் பேர்களைச் சொன்னது ரொகாத்தாதான். கணவன், இரண்டு பெண்கள், சமையல்காரி, வாயில் காவல்காரன். அந்த வாரம்தான் மூப்பர் எல்லோர் முன்னாலும் பாரிக்கா சங்கீதம் பாடிய குரலை மெச்சியிருந்தார். அப்பத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது இன்னும் ஆறாமல் இருந்தது. வேறு யாரும் உண்டா என்று எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். இல்லை என்றாள். மறந்துபோச்சு என்று பிறகு கணவனிடம் சொன்னாள். மூன்றாம் நாள், பட்டியலில் பேர் இல்லாத பாரிக்காவைத் தேடிச் சிப்பாய்கள் வந்தார்கள்.

இந்த நாற்காலி, இந்த முத்தங்கள், எல்லாவற்றையும் தூக்கி அவளுக்குக் கொடுத்தது தன் நாக்குதான் என்பது கடிதத்தோடு நின்ற ரொகாத்தாவுக்கு இப்போதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது.

பாரிக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். ஒரு காலை இழுத்து நகர்ந்து, நாற்காலியை அண்ணியின் பக்கமாகத் தள்ளிவிட்டாள். சிறை எழுத்தர் அந்தக் கோயில் பட்டியலைச் சத்தமாக வாசித்துக் காட்டியதாகவும், வீட்டு வாயில் காவல்காரன் பேர்கூட அதில் இருந்ததாகவும், யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். தன்னைத் தூபம் போட்டவர்களோடு சேர்க்காததற்கு அவளுக்கு வருத்தமே இல்லை, சேர்த்திருந்தால்தான் அழுதிருப்பாளாம்.

"ஆனா இதுல வீட்டார்னு மட்டும்தான் எழுதச் சொன்னேன் அண்ணி, உங்க பேரைத் தவிர யார் பேரையும் போடலை," என்றாள். "நீங்களே சொல்லுங்க, இதுலயாவது நான் உண்டா?"